மாதாவின் உடைமைக்காரர்கள்

அம்மா அந்த மாதாவைத் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏலக்கடையில் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

நொஷாட்டலில் ஒரு வயோதிபப் பெண்ணின் வீட்டில் அம்மா வேலை செய்தார். அவரை மதாம் என்றுதான் சொல்லுவார். சமையல், துடைப்பு, கடைசிக் காலத்தில் குளிக்க வார்ப்பதும் அம்மாதான். படுக்கையில் விழுந்தபின் மதாம் சுவரிலிருந்த வெண்கலத் தகடொன்றைக் கழற்றச் சொல்லி, தன் கையாலேயே அம்மாவுக்குக் கொடுத்தார். உள்ளங்கையளவுதான். குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதா, தகட்டிலிருந்து மெல்லப் புடைத்து நின்றார். அதற்கு ஐந்நூறு வயது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அம்மா சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தார். வியாழக்கிழமைகளில் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு மினுக்குவார். வெள்ளிக்கிழமையில் ஒரு பூ.

மதாம் இறந்த பிறகு அவருடைய தம்பி மகன் சூரிச்சிலிருந்து வந்தார். பரம்பரை பரம்பரையாகத் தங்கள் வீட்டிலிருந்த மாதா, தனக்கு வேண்டும் என்று கண் கலங்கினார். கொடுக்கவே கூடாது என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன்.

"அது அவையின்ர குலதெய்வம். கேட்டா நாங்கள் வைச்சிருக்கேலாது பிள்ளை."

அம்மா தேங்காய் உடைத்து, மாதாவைப் பட்டுத் துணியில் சுற்றி, கும்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

குலதெய்வமாம்! வருஷம் திரும்பவில்லை. ஒருநாள் காலை, சூரிச்சுக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் டீட்டிகோனில் ரயிலேறி, இருக்கையில் கிடந்த இலவசப் பத்திரிகையைப் புரட்டினால், ஏல விளம்பரத்தில் எங்கள் மாதா. வந்த ஆத்திரத்தில் வேலைக்குப் போகாமல் நேரே அந்த ஏலக்கடைக்குப் போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உடைமை வரலாறு என்று ஓர் அட்டை. இத்தாலியில் ஒரு சிற்றாலயம். போரின்போது அங்கிருந்து அதை எடுத்த ஒரு படைத்தளபதி. ஒரு வங்கிக்காரர். பிறகு மதாமின் குடும்பம். அம்மா இல்லை. மேற்பரப்பு அண்மையில் முறையற்றுத் துலக்கப்பட்டுள்ளது என்று கீழே எழுதியிருந்தது. அம்மா அதில் ஒரு பழுதாக மட்டும் இருந்தார்.

'எடுத்த' என்று எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள்! எங்கள் ஊர் வீட்டின் கதவு நிலையையும் ஆமிக்காரர் இப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே வேலைக்கு நின்ற பெண்ணிடம் அம்மாவையும் அட்டையில் எழுதச் சொன்னேன். அன்பளிப்புக்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டாள். தளபதி என்ன அத்தாட்சி காட்டினார் என்று கேட்டேன். அது வெகு காலத்துக்கு முந்தியது என்று சிரித்தாள். காவலாளி பக்கத்தில் வந்து நின்றான்.

பின்னேரம் அம்மா தொலைபேசியில் வந்தார்.

"மதாமின்ர தம்பி மகன், அந்தப் பெடியன், உனக்குப் பக்கத்திலதானே. மாதாவைப் போய்ப் பாத்தனியோ? பூ வைக்கினமோ?"

"ஓம் அம்மா. நல்லா வைச்சிருக்கினம்."

அம்மாவுக்கு நிம்மதி. அந்த அயோக்கியனின் மானத்தை என் வாயாலேயே காப்பாற்றிக் கொடுத்தேனே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.