லீவரில் வைத்த பொட்டு

பேராதனையில் நான் வேலை பார்க்கும் பண்ணைக்குப் புது டிராக்டர் வந்தது. ஓட்டப் பழகும் முன் பொட்டு வைக்கலாமென்று சந்தனம் குழைத்தேன். அந்த வாசம் என்னை நான் வளர்ந்த ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனது.

அங்கே அப்பா டிராக்டர் ஓட்டினார். புது டிராக்டர் வந்த வாரமே ஆயுத பூசை. ஒன்பது வயது எனக்கு. ஒரு லீவர் விடாமல் சந்தனத்தை அப்பினேன். பூசைப் பொட்டை அப்பா துடைக்கமாட்டார். அதுவாகத்தான் உதிர வேண்டும். மறுநாள் நாற்றுமேடைக்குத் தண்ணீர் இறைக்கையில் டிராக்டரில் பூட்டிய பம்பு அலறி உடைந்தது.

"கை தவறிருச்சுங்க தொரை," என்றார் அப்பா, தோட்ட அதிகாரியிடம். டிராக்டரைப் பறித்து மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வீட்டில் அழுத என்னிடம், "நீ வச்ச பொட்டு அழகாத்தான் இருந்துச்சு புள்ள," என்றார். அதை ஏன் அப்போது சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

இன்று, பின்னால் பூட்டிய பம்பைச் சுழற்றும் லீவருக்கு என் சந்தன விரல் போனது.

"அதுல வேணாம் அக்கா," என்றார் பழக்கிவிட வந்த மெக்கானிக் தம்பி. "540, 1000னு வேகம் எழுதியிருக்கு பாருங்க. மறைஞ்சா மாத்திப் போட்டுருவீங்க. பம்பு உடைஞ்சிரும்."

விரலில் சந்தனம் காயக் காய நின்றேன்.

அப்பாவின் கை அன்று தவறவே இல்லை.