படம்: உம்மு நவ்வார்

உஸ்தாத் ஃபிக்ரிக்கு அரைப் பேர் என்றாலே ஆகாது. தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர், மூன்றும் சேர்ந்தால்தான் அவருக்கு ஒரு ஆள். கிறுக்கு என்று நானே அவர் முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் காரணம் உண்டு. அவர் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருஷம் பத்திரிகைப் பட்டியலில் ‘ஃபிக்ரி அப்துல்பாகி’ என்று இரண்டே பேரைப் போட்டுவிட்டார்கள். அதே பள்ளியில் இன்னொரு ஃபிக்ரி அப்துல்பாகியும் இருந்தான். ஒருவன் பாஸ், ஒருவன் ஃபெயில். எவன் எது என்று தெரிவதற்குள் இரண்டு அப்பாக்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். பாஸானது இவர்தான். ஆனால் அந்த மூன்று நாள் இன்னும் அவர் உடம்பை விட்டுப் போகவில்லை.

எங்கள் நைல் கரை ஊரின் கலாசார மன்றத்தில் நாங்கள் இருவரும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறோம். கண்காட்சிப் படங்களுக்குக் கீழே ஒட்டும் அட்டைகளை அவர் எழுதுவார். நான் வெட்டி ஒட்டி மாட்டுவேன். தேநீரில் நான்கு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு எனக்கு உடல்நலம் பற்றிப் பாடம் எடுப்பார். தங்கமான மனுஷன், ஆனால் உயிரை வாங்குவார்.

போன வசந்தத்தில் ஊரின் பழைய வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். இருபத்து நான்கு படங்கள். எல்லாம் இணையத்தில் பொதுவுக்கு விட்டவை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், படம் பிடித்தவர் கேட்டபடி அவர் பேரைச் சொன்னால் போதும். எங்கள் மேலாளருக்கு அதுவும் அதிகம்.

“‘நன்றி: இணையம்’னு போட்டு முடிங்கப்பா.”

“இணையம்னா யாருங்க? எந்தத் தெருவுல இருக்காரு? அவங்கப்பா பேரு என்ன?” என்றார் ஃபிக்ரி.

“ஓசிப் படத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?”

“அந்த மனுஷங்க கேக்கறது பேரை மட்டும்தான். அதையும் குடுக்கலைன்னா நாம யாரு?”

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஃபிக்ரி ஒவ்வொரு அட்டையிலும் வீட்டின் பேர், படம் எடுத்தவர் பேர், எந்த உரிமத்தின் கீழ், எங்கிருந்து எடுத்தோம், ஓரம் வெட்டியிருந்தால் அதையும் சேர்த்து எழுதினார். அங்கேதான் வினை வந்தது. ஏழு படங்களை எடுத்தவர் தன் பேரை ‘உம்மு நவ்வார்’ என்று மட்டும் கொடுத்திருந்தார். நவ்வாரின் அம்மா, அவ்வளவுதான். ஃபிக்ரிக்கு அது தொண்டையில் முள்ளாகக் குத்தியது. இவ்வளவு அழகான படங்களை எடுத்தவருக்கு அரைப் பேரா?

படக் கோப்புக்குள் கேமராவின் சொந்தக்காரர் பேர் என்று ஒரு வரி ஒளிந்திருக்குமாம். தோண்டி எடுத்துவிட்டார்: ராவியா ஷௌக்கி மஹ்ரூஸ். பெருமை தாங்கவில்லை. ஏழு அட்டையிலும் அதைக் கொட்டை எழுத்தில் அடித்தார். வாசலில் படம் எடுத்தவர்கள் பேரெல்லாம் எழுதிய பெரிய பலகையிலும் பதினோராம் வரியாக ஏற்றினார். திறப்புக்கு முதல் நாள் அந்தப் பெண்ணின் இணையப் பக்கத்துக்கு, “உங்கள் முழுப் பேரையும் போட்டுக் கௌரவித்திருக்கிறோம்” என்று செய்தியும் அனுப்பினார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ரிப்பன் வெட்டு. பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது பதில் வந்தது. ஃபிக்ரி படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

“ஐயா, தயவுசெய்து அந்தப் பேரை எடுத்துவிடுங்கள். ரிப்பன் வெட்ட வருபவர் என் மேலதிகாரி. அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் வருகிறேன். இடிப்பு அனுமதிக்காக வீடுகளைப் பார்க்கப் போகும்போது எடுத்த படங்கள் அவை. எங்களுக்கு அதற்கு அனுமதி கிடையாது. தெரிந்தால் வேலை போய்விடும். உம்மு நவ்வார் என்றுதானே கேட்டிருந்தேன்?”

கட்டட அனுமதி அலுவலகத்து ராவியா மேடம்! எங்கள் வீட்டு மாடி அறைக்காக நான் நான்கு தடவை அலைந்தேனே, அதே சிரிக்காத ராவியா.

“இனாயத், நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?” என்றார் ஃபிக்ரி.

“நல்லாக் கேளுங்க! உங்க முழுப் பேர் பைத்தியம் ஒரு பொம்பளை வயித்துல அடிக்கப்போகுது!” என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மேலாளர், “எல்லாப் பேரையும் கிழிச்சிடுங்க, இணையம்னே போடுங்க, அப்பவே சொன்னேன்” என்றார்.

“பேரே இல்லாம மாட்டினா அது திருட்டு. அவங்க கேட்ட பேர் இருக்கு. முதல்லயே அதைப் போட்டிருக்கணும்” என்றார் ஃபிக்ரி.

அச்சு எந்திரம் மை தீர்ந்து வெறும் வெள்ளைத் தாளைத் துப்பியது. ஃபிக்ரி பேனாவை எடுத்து உட்கார்ந்துவிட்டார். நான் பழைய அட்டைகளைப் பிய்த்தேன். கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

“பேரை மட்டும் எழுதிக் குடுங்க உஸ்தாத்!”

“உரிமம் எழுதணும். ஓரம் வெட்டினதையும் எழுதணும்.”

“அடப் பாவி மனுஷா, மணி பதினொன்றரை!”

“ஒரு தடவை என் இஷ்டத்துக்குப் பண்ணினேன் இல்ல? போதும்.”

ஏழாவது அட்டையை நான் அழுத்தி ஒட்டும்போது வெளியே கார் ஹாரன் கேட்டது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வாசல் பலகை! பதினோராம் வரி! திரும்பிப் பார்த்தால் ஃபிக்ரி ஏற்கெனவே ஓடிப்போய் அந்த வரியின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார்.

ராவியாவின் மேலதிகாரி இன்ஜினியர் ஸக்லூல் ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்தார். மூன்றடி பின்னால் கோப்பை அணைத்தபடி ராவியா. முகத்தில் ரத்தமே இல்லை. ஒவ்வொரு படமாக நடந்தார் ஸக்லூல். ஒன்பதாம் படத்தில் நின்றுவிட்டார். நீலக் கதவு வீட்டின் உள்முற்றம்.

“இது நாங்க பூட்டி சீல் வச்ச வீடாச்சே. சாவி எங்க ஆபீஸ்ல இருக்கு. உள்ள போனது யாரு?” குனிந்து அட்டையைப் படித்தார். “உம்மு நவ்வார். உஸ்தாத், யாரு இது?”

“அவங்க குடுத்த பேர் அதுதாங்க இன்ஜினியர் பாஷா.” ஃபிக்ரி பலகையை விட்டு நகரவில்லை.

“ஊருக்கே மூணு பேர் எழுதற ஆளு நீ. இவளுக்கு மட்டும் ஒண்ணா?”

“அந்தப் பேரைச் சொல்லணும்னு சொல்லித்தான் படத்தைக் குடுத்திருக்காங்க. வேற பேர் எழுத எனக்கு உரிமை இல்லைங்க.”

“சரி, அது ஏன் பல்லி மாதிரி அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்கிற?”

“முதுகுவலிங்க.”

யாரோ சிரித்தார்கள். ஸக்லூல் மோவாயைத் தடவிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். “உம்மு தாரிக் இருக்கா. உம்மு ஸமர் இருக்கா...” ராவியாவைத் திரும்பிப் பார்த்தார். பார்வை அவள் மேல் நிற்காமல் தாண்டிப் போனது. “ம்ஹும். நவ்வார்னு ஒரு பிள்ளை எங்க ஆபீஸ்ல யாருக்கும் இல்ல.”

அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அல்லாவுக்கு நன்றி சொன்னேன். ராவியா மட்டும் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

எல்லாரும் போனபிறகு நான் பிளேடால் பதினோராம் வரியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ராவியா தனியாகத் திரும்பி வந்தாள். ஃபிக்ரி எழுந்து நின்றார்.

“மன்னிச்சிடுங்க மேடம். அரைப் பேரா இருக்கேன்னு, மரியாதையா இருக்கட்டும்னுதான்...”

“அது அரைப் பேர் இல்ல உஸ்தாத்.” ஒன்பதாம் படத்தின் அட்டையைத் தொட்டாள். “கண்காட்சி முடிஞ்சதும் இதை நான் எடுத்துக்கட்டுமா?”

என் வாய் சும்மா இருக்குமா? “படம் வேணாமா? அட்டை எதுக்கு?”

“படம் என்கிட்ட இருக்கு. நவ்வார் ஏழு மாசம் என் வயித்துல இருந்தான். பிறந்தப்போ உயிர் இல்ல. அப்படிப் பிறந்தா பேர் பதிய மாட்டாங்களாம். இந்தப் பேரை நான் மட்டும்தான் எழுதிக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் இன்னொருத்தர் கையெழுத்துல பாக்கறேன்.”

ஸக்லூல் சொன்னது என் காதில் மறுபடி விழுந்தது. யாருக்கும் இல்ல. அந்த வார்த்தைக்குத்தானே நான் நன்றி சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

“இது படத்தோடதான் இருக்கணும் மேடம். கழட்ட முடியாது” என்றார் ஃபிக்ரி. அட அறிவுகெட்ட மனுஷா, இப்போதுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள், புது அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். “உங்களுக்குத் தனியா ஒண்ணு எழுதித் தரேன். நவ்வாரோட அப்பா பேர் சொல்லுங்க. தாத்தா பேரும்.”

ராவியா சொன்னாள். மூன்று பேரையும் எழுதி, மை காயும்வரை ஊதி, அவள் கையில் கொடுத்தார்.