சுண்ணாம்பு விழுந்த என் கண்களை ஆண்டவர் திறந்த விதம்

கொதிக்கிற சுண்ணாம்பு என் இரண்டு கண்ணிலும் விழுந்தபோது நான் நின்றுகொண்டிருந்த இடம் நம் கோவில் காம்பவுண்டு. ஒன்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அதற்குள் கால் வைத்திருந்தேன். வலியோடு சேர்ந்து எனக்கு வந்தது கோபம். "உன் வாசலுக்கு வந்ததும் வராததுமாக என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டாயே" என்று ஆண்டவரை மனதுக்குள் ஏசினேன். அப்படி ஏசினவன்தான் இன்று உங்கள் முன்னால் அவருக்குச் சாட்சி சொல்ல நிற்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

என் பெயர் சவரிமுத்து. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் கப்பலின் அடித்தட்டில் இறங்கி மூட்டை ஏற்றி இறக்குவது என் தொழில். என் மனைவி ஆரோக்கியமேரி. எங்களுக்கு ஒரே பெண் குழந்தை இருந்தது. செல்வி என்று கூப்பிடுவோம். நாலு வயது.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் செல்விக்குக் கடுமையான காய்ச்சல். எங்கள் பக்கத்து டாக்டர்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மேரியின் அண்ணன், என் மச்சான் லாசர், ஒரு மாட்டுவண்டி பிடித்து வைத்திருந்தான். "எம் பொண்டாட்டி புள்ளைங்கள கொருக்குப்பேட்ட டேசன்ல வுட்டுட்டு பத்து மணிக்குள்ள வந்துர்றேன். அதே வண்டில கொழந்தய ஆஸ்பத்திரிக்கி தூக்கிகினு போலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. அவன் வரவில்லை. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தேன். வழியிலேயே அவள் உடம்பு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் லாசர் வந்தான். திரும்பி வர வண்டி கிடைக்கவில்லை என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை அடக்கம் செய்த அன்றே இரண்டு முடிவு எடுத்தேன். லாசரோடு இனிப் பேச்சு இல்லை. கோவிலுக்கும் இனிப் போவதில்லை.

மேரி மட்டும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள். உயிர்ப்புப் பண்டிகைக்கு முந்தின தபசு காலம் முழுக்க ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிப்பாள். என்னை ஒரு வார்த்தை வற்புறுத்தியது கிடையாது. இதற்கிடையில் லாசர் மணி அடித்துக் கோவிலைக் கவனிக்கும் கோவில்பிள்ளையாக வேலைக்குச் சேர்ந்தான். அதன்பிறகு கோவில் மணி அடித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அடிப்பது அவன் கை அல்லவா.

செல்வி போன ஒன்பதாம் வருஷம், தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால் கோவிலுக்கு வெள்ளையடிக்கத் தெருவுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்று சாமியார் பூசையில் அறிவித்தாராம். மேரி வந்து சொன்னாள்.

"ஒரே ஒரு நாளு வா. பூசைக்கி வர வேணாம், மண்டி போட வேணாம். சொவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கத்தான் கூப்புடறேன்."

ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மறுக்க மனம் வரவில்லை. விபூதிப் புதனுக்குப் பதினோரு நாள் இருந்தது. சனிக்கிழமை காலையில் போனேன்.

எண்ணூரிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்து இறங்கியிருந்தது. பாதியாக வெட்டிய பீப்பாயில் அதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு கழியால் கிளறிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு தளதளவென்று கொதித்தது. அடியில் நீறாமல் கிடந்த ஒரு கட்டி திடீரென்று வெடித்து முகத்தில் அடித்தது. நெருப்பை அள்ளிக் கண்ணுக்குள் வைத்தது போல் இருந்தது. தரையில் விழுந்து உருண்டேன்.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். "தண்ணி ஊத்தாதீங்கப்பா, இன்னும் கொதிக்கும். நல்லெண்ண எடுத்துகினு வாங்க" என்று யாரோ சொன்னார்கள். அப்போது ஒரு ஆள் ஓடி வந்து என் நெஞ்சின்மேல் முழங்காலை வைத்து அழுத்தினான்.

"எண்ண வேணாம். கெணத்துலேந்து வாளி வாளியா எடு. எண்ணூரு சுண்ணாம்புக் காளவாய்ல இதுமாதிரி ஒருத்தன் கண்ணு அவிஞ்சத நான் பாத்துகீறேன். நிறுத்தாம ஊத்து."

ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் கேட்காத குரல். ஆனாலும் தெரிந்துவிட்டது. லாசர்.

அவன் என் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் கண்ணுக்குள்ளேயே விழுந்தது. எனக்கு உயிர் போயிற்று. உதைத்தேன். அவன் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைவிரலுக்குக் கீழே கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் கையை எடுக்கவே இல்லை. "கடி. நல்லா கடி. கண்ண மட்டும் மூடாத மாப்ள" என்றான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற்றினார்களாம். கிணற்றடியில் இருந்து காம்பவுண்டு வாசல் வரை சேறாகிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.

சர்க்கார் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து போட்டு இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். டாக்டர் மேரியிடம் மெதுவாகத்தான் சொன்னார். கண்ணில்லாதவனுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. எனக்குக் கேட்டுவிட்டது.

"எடது கண்ணு கஷ்டம்மா. வலது கண்ணப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும்."

கண் போனவனை யார் கப்பலில் இறக்குவார்கள்? மேரி ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். இனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ராயபுரம் தெருவில் தட்டித் தடவி நடக்க வேண்டியதுதான். செத்துப் போனால் தேவலை என்று நினைத்தேன். மேரியிடம் ஒன்று மட்டும் கறாராகச் சொன்னேன். "உங்கண்ணன் இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தா கட்டப் பிச்சி எறிஞ்சிட்டு எங்கனா பூடுவேன்."

அவள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவாள். மத்தியானத்தில் யாரோ ஒருவர் எனக்குக் கஞ்சி ஊட்டினார். கட்டிலைப் பிடித்து உட்கார வைத்து, வாயைத் துடைத்து, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்தேன். நல்ல மனுஷன் என்றுகூட மேரியிடம் சொன்னேன். அவள் என் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஆறாம் நாள். ஸ்பூன் உதட்டில் பட்டபோது நன்றி சொல்லலாம் என்று அந்தக் கையைப் பிடித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே துணிக்கட்டு இருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. நான் கையை விடவில்லை, பிடித்தபடியே இருந்தேன். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து பேசினான்.

"வண்டி கெடைக்கலன்னு அன்னிக்கி உன்கிட்ட சொன்னேன் இல்ல, அது பொய்யி மாப்ள. டேசன்ல ஜனம் ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிகினு இருந்துச்சி. எம் பொண்டாட்டி நெறமாசம். பயந்துட்டேன். வண்டிய அப்டியே மீஞ்சூருக்கு ஓட்டிகினு பூட்டேன். அங்க எறக்கி வுட்டுட்டு உடனே திரும்பிருக்கலாம். திரும்பல. குண்டு வுழும்னு பயம். கொழந்த போனதுக்கு காரணம் நான்தான். ஒம்போது வருசமா சாமியார்கிட்ட ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்துலயும் இத்தத்தான் சொல்றேன். உன்கிட்ட சொல்லத்தான் தெகிரியம் வரல."

உண்மையைச் சொல்லுகிறேன். அவன் கழுத்தை அங்கேயே நெரிக்கலாம் போலிருந்தது. இத்தனை நாள் சந்தேகப்பட்டேன். இப்போது அது நிஜம் என்று அவன் வாயாலேயே கேட்டுவிட்டேன். "நீ போ" என்றேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஜெபம் செய்யப் பார்த்தேன். கண்ணைக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். சின்ன வயதில் படித்த கர்த்தர் கற்பித்த ஜெபம் வாய்க்கு வந்தது. எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதே இடத்தில் நின்றது. நாலைந்து தடவை ஆனது. கடைசியில் ஜெபத்தை விட்டுவிட்டு என் பேச்சிலேயே அவரிடம் பேசினேன்.

"ஆண்டவரே, எனக்கு மன்னிக்கத் தெரியல. மனசுல அது இல்ல. இல்லாதத நான் எங்கேந்து எடுத்துக் குடுப்பேன்? நீதான் குடுக்கணும். கண்ணு அப்புறம். மொதல்ல இத்தக் குடு."

இதைச் சொன்னபோது வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் ஒரு நினைப்பு வந்தது. தன் பிள்ளைகளைக் காப்பாற்ற ஓடிய அன்று லாசர் பயந்தான். என் கண்ணைக் காப்பாற்ற வந்த அன்று அவன் பயப்படவில்லை. நான் கடித்துக் குதறும்போதும் கையை எடுக்கவில்லை. அந்தப் பழைய லாசரையே பிடித்துக்கொண்டு, என் நெஞ்சின்மேல் முழங்காலை வைத்த இந்த லாசரை நான் ஏன் பார்க்க மறுக்கிறேன்? இந்த நினைப்பு என் புத்தியிலிருந்து வந்ததல்ல. என் புத்தி எனக்குத் தெரியும். நெஞ்சில் ஏதோ கட்டி கரைந்தது போல் இருந்தது. செல்வி செத்தபோது நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். கட்டு நனைந்துவிட்டது என்று நர்சம்மா திட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் காலடிச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். வருவானா என்று சந்தேகமாக இருந்தது. வந்தான். கட்டிலிலிருந்து தள்ளி நின்றான். நான் வாயைத் திறந்தேன். ஒரு வாய் கஞ்சி ஊட்டினான்.

"மச்சான், கஞ்சில உப்பு கம்மி" என்றேன்.

அவன் ஸ்பூனைப் போட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெரிய ஆள் விசும்பி அழுத சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். தலையில் முடி எவ்வளவு குறைந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

விபூதிப் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலையில் கட்டுப் பிரித்தார்கள். மேரி என் வலது கையைப் பிடித்திருந்தாள். லாசர் கால்மாட்டில் நின்றான். டாக்டர் மெல்ல இமையைத் திறந்தார்.

முதலில் வெள்ளையாக ஒரு மங்கல். பிறகு அதில் ஒரு முகம். மேரியின் மூக்குத்தி தெரிந்தது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. ஜன்னல் கம்பிகளை எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஆறு. வலது கண்ணை மூடி இடது கண்ணால் எண்ணச் சொன்னார். புகைக்குள்ளிருந்து பார்ப்பது போல் இருந்தது. ஆனாலும் எண்ணினேன். ஆறுதான்.

டாக்டர் என் கண்ணுக்கு நேரே விளக்கைக் காட்டித் திரும்பத் திரும்பப் பார்த்தார். "சுண்ணாம்பு விழுந்தப்ப தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டார். மேரி தன் அண்ணனைக் காட்டினாள். டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "அந்த ஒரு மணி நேரத்துலதான் இந்தக் கண்ணு பொழச்சுது. இங்க வந்தப்புறம் நாங்க செஞ்சது கொஞ்சம்தான்" என்றார்.

நான் ஜெபம் செய்வதற்கு ஐந்து நாள் முன்னாலேயே ஆண்டவர் பதிலை அனுப்பிவிட்டார். அதை என் நெஞ்சின்மேல் ஏற்றி உட்கார வைத்தார். நான்தான் அதை உதைத்தேன், கடித்தேன்.

திரும்பி வரும்போது மேரியிடம் கேட்டேன். "என் கண்ணுக்காக எவ்ளோ வேண்டிகினியோ?"

அவள் சிரித்தாள். "உன் கண்ணுக்கு இந்தப் பத்து நாளா வேண்டிகினேன். ஒம்போது வருசமா வேண்டிகினது வேற. நீயும் எங்கண்ணனும் ஒரே தட்டுல துன்னணும்னு. எல்லா ஒருசந்தியும் அதுக்குத்தான்."

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோவிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு நீளமான வரிசை. லாசர் எனக்குப் பின்னால் நின்றான். என் முறை வந்தபோது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "சாமி, ஒன்பது வருஷம் ஆச்சு" என்றேன். "அப்போ உட்கார்ந்து சொல்லு, அவசரமில்லை" என்றார் சாமியார்.

மறுநாள் விடியற்காலைப் பூசையில், நான் சுண்ணாம்பு கலக்கப் போய், மற்றவர்கள் அடித்து முடித்த அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில், சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசி லத்தீனில் ஏதோ சொன்னார். வார்த்தை எனக்குத் தெரியாது. அர்த்தம் நன்றாகத் தெரிந்தது: நீ மண், மண்ணுக்கே திரும்புவாய். எழுந்து திரும்பியபோது கோவில் நிறைய முகங்கள். ஒவ்வொன்றையும் நின்று பார்த்தேன். எவ்வளவு அழகான ஜனங்கள் நீங்கள்.

உயிர்ப்புப் பண்டிகைக்குள் இடது கண்ணின் புகையும் விலகிவிட்டது. மறுபடி கப்பலில் இறங்கினேன். இன்றும் இறங்குகிறேன். பண்டிகை அன்று லாசர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. மேரி எங்கள் இருவர் முன்னால் ஒரே ஒரு தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வர வெகுநேரம் ஆனது.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தபசு காலத்துக்கு முந்தின வாரம் நானும் லாசரும் ஒரு வேலை செய்கிறோம். நம் பங்கில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று விசாரித்து அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். எங்கள் கதையைச் சொல்கிறோம். போன வருஷம் ஒரே படகில் தொழில் செய்துகொண்டு ஐந்து வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பியிடம் நாலு நாள் நடந்தோம். நாலாம் நாள் அண்ணன்காரர் எங்களைத் திட்டிக்கொண்டேதான் எழுந்து போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே போனவர் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. நாங்கள் தெருவில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் மன்னிக்க முடியாத ஒருவர் இருக்கலாம். அவர் செய்தது நிஜமாகவே பெரிய தீமையாக இருக்கலாம். அதைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். உங்களிடம் மன்னிப்பு இல்லையென்றால், இல்லை என்று ஆண்டவரிடம் சொல்லிக் கேளுங்கள். அவர் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். வருகிற புதன்கிழமை விபூதி. நடுவில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நானும் லாசரும் உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நீங்களே எழுந்து போய்விடுங்கள்.