மதி அக்காவுக்குத் தூள் போடாத சூப்

மதி அக்காவின் தையல் மெஷினுக்கு உறை போட்டிருந்தது. அன்று காலை கடைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் அதை மூட அக்கா விட்டதில்லை. "மூடி வையாதேங்கோ. நான் செத்துப்போனன் எண்டு சனம் வேற ஆளிட்டைப் போயிடும்" என்று போனில் சிரிப்பார்.

முதலாளி அம்மா என்னைப் பார்க்காமல் துணி வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது... அக்கா போய்விட்டார்.

இன்றோடு எட்டு நாள். எழுதி எழுதி அழிக்கிறேன். இங்கே மற்றவர்களின் படங்களுக்கு லைக் போடுவதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நல்லூரில் இருக்கிற அந்தத் தையல் கடைக்கு வந்தேன். பட்டன் தைப்பதும் மடிப்புத் தைப்பதும்தான் வேலை. பக்கத்து மெஷின் அக்காவுடையது.

யாரோடும் கதைக்க எனக்கு வராது. அக்கா என்ன கேட்டாலும் "ஓம் அக்கா" மட்டும்தான்.

"எடியே, உன்ரை வாயையும் ஓவர்லொக் அடிச்சுத் தைச்சு விட்டிட்டினமோ?"

"ஓம் அக்கா" என்றேன். கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கான்சர் என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு சாப்பாடு இறங்கவில்லை. எதைத் தின்றாலும் வாய்க்குள் இரும்பாணி கிடக்கிற மாதிரி என்பார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒண்டே ஒண்டு தின்ன மனம் கிடக்கு. பாங்கொக்கில குடிச்ச தேங்காய்ப்பால் கோழிச் சூப்."

கனடாவுக்குப் போக வெளிக்கிட்டு அக்காவும் கணவரும் பாங்கொக்கில் மூன்று வருடம் மாட்டுப்பட்டவர்கள். விசா முடிந்து, பொலிசுக்குப் பயந்து, ஒரே அறைக்குள் இருந்தவர்கள். அந்த அறை இருந்த ஒழுங்கையில் ஒரு மனிசி வண்டிலில் வைத்து விற்ற சூப்பாம். அக்காவைக் கண்டால் கேட்காமலே இரண்டு துண்டு இறைச்சி கூடப் போடுவாவாம்.

"கனடா கிடைக்கேல்லை. அந்தச் சூப் மட்டும் கிடைச்சது" என்றார்.

நான் யூடியூப்பில் தேடினேன். பேரரத்தை வேண்டும் என்றிருந்தது. நாட்டுமருந்துக் கடையில் போய்க் கேட்டேன். "ஆருக்குப் பிள்ளை சளி?" என்று கேட்டார்கள். சூப்புக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அம்மாவுக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏதோ ஒரு வகை எலுமிச்சை இலையும் போடச் சொன்னார்கள். அதற்குப் பதில் எங்கள் நீர்வேலி வீட்டுத் தேசிமரத்து இலையைக் கிள்ளிப் போட்டேன். லெமன் கிராஸ் கிடைத்தது. தேங்காயின் முதற்பாலும் விட, சூப் நல்ல வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

அம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "இதென்ன கோலம்? ஆரும் கோழியை வெள்ளையாய்த் தின்னுவினமோ? வருத்தக்காரிக்கு வாய்க்கு உறைப்பாய் இருக்கோணும்."

அப்படியே கறித்தூள் டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுவிட்டார். போட வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் கடையில் அக்கா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எடியே, இது தாய்லாந்து இல்லை. நீர்வேலிச் சந்தி!"

நான்கு கரண்டி குடித்தார். எனக்காகத்தான் குடித்தார் என்று தெரியும். "அடுத்த முறை தூள் போடாமல் கொண்டு வா. சரியோ?"

"ஓம் அக்கா."

அந்தக் கிழமையே நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. கொடி இறங்கும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, மீனும் இல்லை இறைச்சியும் இல்லை. கோழி காய்ச்சுகிற சட்டியைக் கழுவிப் பின்பக்கம் கவிழ்த்துவிடுவோம்.

அக்காவும் முதலில் அதைத்தான் சொன்னார். "கொடி இறங்கட்டும். முருகனோட எனக்கு ஒரு கணக்குக் கிடக்கு, இப்ப குழப்பக்கூடாது."

பத்தாம் பதினோராம் திருவிழாவோடு அக்கா கடைக்கு வருவது நின்றது. பிறகு ஒருநாள் வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். குரல் சரியாக வரவில்லை.

"பிள்ளை... முருகன் கோவிக்கமாட்டார் போல கிடக்கு. உனக்கு ஏலுமெண்டால் அந்தச் சூப்பைக் கொஞ்சம்..."

நான் "ஓம் அக்கா" என்று அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு அம்மாவிடம் போய் நின்றேன். அம்மா சாமிப்படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். "என்னடி?" என்றார். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்...

கொடி இறங்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்றுதான் மெஷினில் உறையைக் கண்டேன்.

இன்று அக்காவின் எட்டுச் செலவு. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இன்று சமைத்துப் படைப்பார்கள், மச்சமும் சேர்த்து.

காலையிலேயே கவிழ்த்து வைத்த சட்டியை எடுத்தேன். மிச்சம் இருந்த பேரரத்தையைத் தட்டிப் போட்டேன். பால் திரையாமல் மெல்லிய நெருப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா தூள் டப்பாவோடு வந்தார்.

"போடாதேங்கோ அம்மா."

அம்மா டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா வீட்டில் தலைவாழையிலையில் சோறும் கறிகளும் வைத்து முடிந்திருந்தது. அக்காவின் தங்கச்சி தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, "இதென்ன பிள்ளை, பால்கஞ்சியோ?" என்று கேட்டார்.

"சூப். அக்கா கேட்டவ" என்றேன்.

இலையில் ஊற்றினால் ஓடிவிடும். கடையில் அக்கா தேத்தண்ணி குடிக்கிற கோப்பையைப் பையில் கொண்டு போயிருந்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா.

கோப்பை நிறைய ஊற்றினேன். இரண்டு துண்டு இறைச்சி கூடப் போட்டேன்.