புகாரே வராத பகுதி

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதில் பாதி என் மேல்தான்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். தட்டச்சு செய்ய உதவும் ஒரு இலவச மென்பொருள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதற்காக வெளிநாட்டுக் குழு ஒன்றோடு இணையம் வழியாக வேலை செய்தேன். வந்த புகார்களைப் பகுதிவாரியாக எண்ணி, எந்தப் பகுதியை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு. தமிழில் அச்சடிக்கும் பகுதியைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. "அங்கே பார்க்க வேண்டாம், புகாரே வரவில்லை" என்று குழுவுக்கு எழுதினேன்.

ஒருநாள் டயகம தேயிலைத் தோட்டத்துப் பள்ளி டீச்சர், அதே மென்பொருளில் அடித்த வினாத்தாளோடு கடைக்கு வந்தார்.

"பக்கத்தோட கடைசி வரி அச்சுல வர்றதே இல்லைங்க. மொத தவணை நான் கவனிக்கல, புள்ளைங்க கடைசிக் கேள்வியப் பார்க்காமலே பரீட்சை எழுதிட்டாங்க. இப்ப ஒவ்வொரு தாள்லயும் பேனாவால எழுதுறேன்."

"அப்பவே புகார் எழுதியிருக்கலாமே டீச்சர்?" சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"இங்கிலீசுல, யாருக்குங்க? நாங்க குடியிருக்கிற லயத்து வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு தோட்டத்து ஆபீசுல மூணு தடவ எழுதிக் குடுத்தோம். யாரும் வரல, விட்டுட்டோம். இப்ப அவங்களோட இந்த வருஷப் புகார்ப் புத்தகத்துல எங்க லயத்தப் பத்திப் புகாரே இல்ல. அதுக்காகக் கூரை ஒழுகலையா?"

அன்றே தமிழ் அச்சுப் பகுதியின் நிரலைத் திறந்தேன். எழுதியவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்ததாகக் குறிப்பே இல்லை. கொதித்துப்போய்க் குழுவுக்கு எழுதினேன். தலைவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "அங்கே புகாரே வரவில்லையே."

திட்டி எழுத உட்கார்ந்தேன். அது நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது.