காதும் காதும்

டிசம்பர் 28, ஞாயிறு, காலை 5.40. பனிமூட்டம். என் பால்கனி தெர்மாமீட்டரில் பதினொரு டிகிரி.

தெலுங்கு ஊரான மல்லாபூரில் எங்கள் அபார்ட்மென்ட் தமிழர்களின் மார்கழி பஜனை வழக்கமாக மொட்டை மாடியில்தான். அன்று குளிருக்குப் பயந்து அசோசியேஷன் ரூமுக்கு மாற்றினோம். பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி. வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். ஆளுக்கு எட்டு சதுர அடிகூட இல்லை!

பஜனை நடத்தும் ராமசேஷன் ஜன்னல்கள் நான்கையும் சாத்தச் சொன்னார். "ஊதக்காத்து காதுல புகுந்தா அவ்வளவுதான் ஓய்" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். தலை எங்கே தெரிந்தது? மஃப்ளர், ஸ்கார்ஃப், குரங்குக் குல்லா... என் மனைவி கோமளத்துக்கு ஆஸ்துமா. புதுக் குல்லாவை நானே இழுத்து, அவள் காது மறைய மாட்டிவிட்டேன்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நாங்கள் குரலை உயர்த்திப் பாடினோம்.

புதன்கிழமை கோமளத்தால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினாள். நிமிஷத்துக்கு முப்பத்துநாலு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் முப்பத்துநாலு. நாலாவது முறை எண்ணாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டெஸ்டில் ஃப்ளூ. எப்படி வந்தது? பதற்றத்தில் தெலுங்கு டாக்டரம்மாவிடம் தமிழிலேயே பேசினேன். என் காதைத் தொட்டுக் காட்டி, "காது... நன்னா மூடியிருந்தா, டாக்டர்."

"காது அங்கிள்" என்றார் அவர். "முக்கு."

தெலுங்கில் காது என்றால் 'இல்லை'. முக்கு, நம் மூக்குதான். நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இரண்டு பாஷையும் சேர்ந்து என்னை அறைந்தது அன்றைக்குத்தான்.

பஜனை ரூம் கண்முன் வந்தது. மூடிய காதுகள் நாற்பத்தாறு. திறந்த மூக்குகள் இருபத்துமூன்று — வாய்களும் அத்தனையே!

குளிர்கால வறண்ட காற்றில் இருமல் துளி வெகுநேரம் மிதக்குமாம். மொட்டை மாடி என்றால் கலைந்துபோகும். சாத்திய ரூமில் எங்கே போகும்? அடுத்தவர் மூக்குக்குத்தான். பாதி வேலையைக் குளிர் செய்தது. மீதியை நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து முடித்துக் கொடுத்தோம். ராமசேஷனையும் சேர்த்து ஃப்ளூவில் படுத்தவர்கள் பதினொரு பேர்.

ஆறாம் நாள் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்தார்கள். "என்ன, உதடு அசையறது? எதை எண்ணிண்டிருக்கேள்?" என்றாள் கோமளம்.

"உன் மூச்சை. பதினெட்டு."

"போறும். பில்லை எண்ணிக் கொடுத்துட்டு வாங்கோ, ஆத்துக்குப் போலாம்."

ஆஸ்பத்திரிக்கு 61,340 ரூபாய். குரங்குக் குல்லா 250 தனி.