வேம்பு வாசக்கால்

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். சங்கராபுரம் போகிற சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் கரும்புக் கொல்லையில், கேட்காமல் கொள்ளாமல் ஒரு மஞ்சள் கல்லை நட்டுவிட்டுப் போனால் வேறு யாருக்குத்தான் வராது? எரிவாயுக் குழாய் பூமிக்கடியில் அந்த வழியாகப் போகப்போகிறதாம். நிலம் எங்களுடையதாகவே இருக்குமாம். ஆனால் அதன்மேல் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் இருக்கக்கூடாது. அப்புறம் அது என்ன எங்கள் நிலம் என்று குதித்தேன்.

குதித்தது என் தங்கைக்காக. புருஷன் வீட்டில் அவளை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். என் மனைவி நல்லவள்தான், ஆனாலும் ஒரே அடுப்பில் இரண்டு பேர் என்றால் தினமும் ஏதாவது ஒரு பேச்சு வந்துவிடுகிறது. கிணற்று மேட்டில், வேப்பமரத்துப் பக்கத்தில், அவளுக்கென்று சின்னதாக ஒரு வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கல்வராயன் மலையில் மழை பெய்தால் ஊறுகிற கிணறு அது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கல்லைச் சரியாக அங்கேதான் நட்டிருந்தார்கள்.

அளக்க வந்த இன்ஜினீயர் டெல்டா பக்கத்துக்காரர். முன்பு அங்கே எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தவர். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த பிறகு புதுக் கிணறு எதுவும் தோண்டவில்லை, அதனால் குழாய் வேலைக்கு வந்துவிட்டேன் என்றார். சண்டைக்குப் போன என்னை வரப்பில் உட்கார வைத்துப் பேசினார்.

“கரியைக் குறைச்சிட்டு கேஸைக் கொண்டாங்கன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. வெளையிற நெலத்துல கை வெக்காதீங்கன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. ரெண்டும் நியாயந்தாண்ணே. ஆனா பணம் போடுறவங்க எதை நம்பிப் போடுவாங்க? பாதிக் குழாயை கிடங்குல எறக்கி வெச்சிட்டு ஒக்காந்திருக்கோம். எனக்கும் ஊர்ல நெலம் இருக்கு. உங்க கோவம் புரியுது.”

இப்படிப் பேசுகிற ஆளிடம் எப்படிக் கத்துவது? எழுந்து வந்துவிட்டேன்.

மரம் எப்படியும் போகத்தான் போகிறது, அவர்கள் வெட்டுவதற்கு முன்னால் நாமே வெட்டி அதில் தங்கை வீட்டுக்கு வாசக்கால் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வீடு கட்டும் இடத்தையும் கொல்லையின் சாலையோரமாக மாற்றிக்கொண்டோம். எங்கள் பக்கம் பூஜை போட்டு நிறுத்திய வாசக்காலை யாரும் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் குடும்பம் விளங்காது என்பார்கள். சுவர் அப்புறம் எழும்பட்டும், வாசக்கால் நின்றுவிட்டால் நாளைக்குக் குழாய் வழி மாறினாலும் எந்தக் கம்பெனிக்காரனும் கை வைக்க மாட்டான் என்று அவசர அவசரமாக அஸ்திவாரம் போட்டு, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டி, வாசக்காலை நிறுத்தினோம். எல்லாம் என் மூளைதான். தங்கை திரும்பி வந்த பிறகு அன்றைக்குத்தான் புதுப்புடவை கட்டினாள்.

இதற்கு நடுவில் ஊரே சாலையில் உட்கார்ந்தது. வயலில் வேண்டாம், சாலையோர அரசு இடத்தில் கொண்டு போ என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் அரசும் ஒத்துக்கொண்டது. டீக்கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம்.

லட்டு செரிப்பதற்குள் இன்ஜினீயர் ஆட்களோடு வந்தார். சாலையோரமாகவே சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் இடத்தில் சாலை குறுகல், அதனால் கோடு கொஞ்சம் எங்கள் கொல்லைக்குள் இறங்கியது. நேராக வாசக்காலில் வந்து நின்றது. இன்ஜினீயர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசக்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க கேட்டதுதாண்ணே நடந்திருக்கு” என்றார். குத்திக்காட்டவில்லை, குரல் இறங்கித்தான் இருந்தது. “கிணத்து மேட்டுல இனி குழாய் வராது. ஆனா பழைய வழியை ரத்து பண்ணி பேப்பர் வர்ற வரைக்கும் அங்க செவுரு எழுப்பாதீங்க.”

“எவனாவது இத்த தொட்டுப் பாக்கட்டும்” என்று வாசக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த தங்கை செம்பைக் கீழே வைத்தாள். காய்ந்துபோன மாவிலைத் தோரணத்தை அவிழ்த்தாள்.

“வுடுண்ணா. இன்னாத்துக்கு அவர்கிட்ட கத்திக்கினு இருக்க? என்னயும்தான் ஒரு வூட்ல இருந்து புடுங்கிப் போட்டாங்க. நான் நிக்கல? இதுவும் நிக்கும்.”

கையை எடுத்துவிட்டேன். அவளே சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். இன்ஜினீயரும் அவருடைய ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க, வரப்பு வழியாகக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோனோம். வேம்பு நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த மஞ்சள் கல்லில் வாசக்காலைச் சாய்த்து வைத்தோம்.

அந்தப் பேப்பர் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் தங்கை போய் வாசக்காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறாள்.